சண்முகவடிவு வாய் திறந்தாள்

அருப்புக்கோட்டை
27.11.2024

வடிவுக்கு,

நல்லாயிருக்கியான்னு கேட்டு ஆரம்பிக்க எனக்கு மனசு வரலை. அண்ணன் வீட்டுல இருக்கே, நல்லாத்தான் இருப்பே. இங்க நான்தான் நாதியத்துக் கெடக்கேன்.

ஞாயித்துக்கிழமை நம்ம மகளுக்குப் பூ வச்சிட்டுப் போனாக. விருதுநகர்ல இருந்து ரெண்டு வேன் நெறைய ஆளுக. மறுநாள் நான் கடைக்குப் போன பிறகு நீ பையைத் தூக்கிக்கிட்டு திருச்சுழி பஸ்ஸுல ஏறிட்டே. மத்தியானம் சாப்பிட வந்தா அடுப்பு பத்த வைக்கலை. சுபத்ராகிட்ட 'அம்மா எங்க'ன்னு கேட்டா அவ அழுவுறா. ஒனக்குப் போன் போட்டா எடுக்க மாட்டேங்குறே. ராஜகுரு மச்சானுக்குப் போட்டா, 'தங்கச்சி பேச மாட்டேங்குது மாப்ள, நான் என்ன செய்ய முடியும்'ங்கிறார். கல்யாணத்துக்கு நாள் குறிச்ச வீட்டுல பெத்தவ கோவிச்சுக்கிட்டுப் போறதா? ஊரு சிரிக்காதா?

அப்படி என்ன சொல்லிப்பிட்டேன்? நீ சம்பந்தியம்மா கையைப் பிடிச்சுக்கிட்டு காதுகிட்டப் போய்ப் பேசிக்கிட்டிருந்தே. அவுக முகத்தைத் திருப்பிக்கிட்டாக. நான் பாத்துக்கிட்டுத்தான் இருந்தேன். எனக்கு மானம் போச்சு. அந்த எடத்தை லேசாக்கணும்னுதான், 'தள்ளி நின்னு பேசு வடிவு, நீ வாயைத் தொறந்தா பந்தலே காலியாயிரும்'னு சொன்னேன். எல்லாரும் சிரிச்சாக. அதோட முடிஞ்சது. நீதான் முடியவிடாம இழுத்துக்கிட்டுப் போயிருக்கே. உள்ளதைத்தானே சொன்னேன்?

பிரஷர் மாத்திரையை வீட்டுலயே விட்டுட்டுப் போயிருக்கே. திருச்சுழிக்குப் புண்ணாக்கு லோடு போற வண்டியில இந்தக் காயிதத்தோட ரெண்டு அட்டை வச்சு அனுப்புறேன். அஞ்சு வருஷமா ஒரு மாசம் தவறாம வாங்கித் தர்றவன் நான். என் மேல கோவப்படுறதுக்கு முன்னாடி அதையும் நெனச்சுக்கோ.

ஞாயித்துக்கிழமைக்குள்ள வந்து சேரு.

சின்னத்துரை


திருச்சுழி
2.12.2024

சுபத்ரா அப்பாவுக்கு,

காயிதம் வந்துச்சு. நானும் காயிதத்துலதான் பேசுவேன். நான் வாயைத் தொறக்குறதுதானே ஒங்களுக்குப் பிரச்சினை? தாள்ல வாடை வராது. தைரியமாக் கிட்ட வச்சுப் படிங்க.

ஒரு வார்த்தை சொன்னேங்கிறீக. ஒரு வார்த்தையா அது? ரெண்டு வருஷமா நீங்க கட்டில்ல செவத்தைப் பாத்துப் படுக்குறீக. காப்பி குடுக்க வந்தா தலையைப் பின்னுக்கு இழுக்குறீக. கடையில உக்காந்து ஏவாரம் பாத்துக்கிட்டிருந்தவளை, 'நீ வீட்டுல இரு, ஆளுக வர்ற எடம்'னு சொல்லி எந்திரிக்க வச்சீக. ஆளுக வர்ற எடம்னா என்ன அர்த்தம்னு எனக்குத் தெரியாதா? அப்பவும் பேசாமத்தான் வந்தேன்.

நான் பல்லு வெளக்காதவ இல்லை. காலையில வெளக்குவேன், சாப்பிட்டு வெளக்குவேன், நீங்க கடையில இருந்து வர்ற நேரத்துக்கு மறுபடியும் வெளக்குவேன். உப்பு வச்சுத் தேச்சிருக்கேன், கிராம்பை மென்னுக்கிட்டே சமைச்சிருக்கேன், டிவியில காட்டுற பேஸ்ட் பூராவும் நம்ம வீட்டுக் குளியலறையில வரிசையா நிக்கும், போய்ப் பாருங்க. தேச்சுத் தேச்சு எச்சி துப்புனா செவப்பாத்தான் விழும். சோத்தைப் பெசஞ்சு வாயில வச்சா ரத்த ருசி. அதை முழுங்கிட்டு ஒங்களுக்கு ரசம் ஊத்துவேன்.

நீங்க கடையை அடைச்சிட்டு வரும்போது ஒங்க சட்டையில புண்ணாக்கு வாடையும் பருத்திக்கொட்டை வாடையும் தெருவுக்கே வரும். இருவத்தஞ்சு வருஷமா அந்தச் சட்டையைத் தொவைக்கிறேன். ஒரு நாள், ஒரே ஒரு நாள் நான் மூக்கைச் சுளிச்சிருக்கேனா? யாரு முன்னாடியாவது சொல்லிச் சிரிச்சிருக்கேனா?

எல்லாரும் சிரிச்சாகன்னு எழுதியிருக்கீக. ஆமா. சுபத்ராவும் சிரிச்சா. நான் பெத்த புள்ளை, கூடை கூடையாப் பூவைச் சூடிக்கிட்டு நின்னு, ஒங்க பேச்சுக்குச் சிரிச்சா. அதைப் பாத்த பிறகு அந்த வீட்டுல எனக்குத் தூக்கம் வரலை.

மாத்திரையைப் போட்டுக்கிறேன். அது மேல எனக்குக் கோவம் இல்லை.

சண்முகவடிவு


அருப்புக்கோட்டை
7.12.2024

வடிவுக்கு,

ஒனக்கு எழுத்து இம்புட்டு வரும்னு இத்தனை வருஷமாத் தெரியாமப் போச்சு. புண்ணாக்கு வாடையைப் பத்தி எழுதியிருக்கே. அந்த வாடைதான் இந்த வீட்டுக்குச் சோறு போட்டுச்சு. அந்த வாடைதான் ஒன் மகளைக் காலேஜுல படிக்க வச்சுது. ஒன் வாய் வாடை என்னத்தைப் போட்டுச்சு?

பத்திரிகை அடிச்சு வந்துருச்சு. மொதப் பத்திரிகையைச் சாமிகிட்ட வைக்கணும், புருஷனும் பொண்டாட்டியும் சேந்து வைக்கணும். நான் தனியாப் போய் வச்சிட்டு வந்தேன். பூசாரி 'அம்மா வரலையா'ன்னு கேட்டார். ஒடம்பு சரியில்லைன்னேன். தெருவுல கேக்குறாக, கடையில கேக்குறாக, பருத்திக்கொட்டை வாங்க வர்ற ரெட்டியபட்டிக்காரன் கூடக் கேக்குறான். எல்லாருக்கும் ஒரே பொய்யைச் சொல்லிச் சொல்லி எனக்கே அலுத்துப்போச்சு.

சுபத்ரா எங்கிட்டப் பேசறதில்லை. தட்டை வச்சிட்டு உள்ள போயிருறா. இப்ப ஒனக்குச் சந்தோசம்தானே?

கடைசியாச் சொல்லுறேன். பொங்கலுக்குள்ள நீ வரலைன்னா மணமேடையில ஒன் எடத்துல என் தங்கச்சி நிப்பா. பெத்தவ இல்லாத புள்ளைகளுக்கும் கல்யாணம் நடக்கத்தான் செய்யுது. அவகிட்டப் பேசிட்டேன், சரின்னுட்டா. பிறகு என்னைக் குத்தம் சொல்லாதே.

சின்னத்துரை


திருச்சுழி
18.12.2024

சுபத்ரா அப்பாவுக்கு,

ஒங்க தங்கச்சியைப் பத்திக் கடைசியில சொல்லுறேன். மொதல்ல நடந்ததைக் கேளுங்க.

ஒங்க காயிதம் வந்த அன்னிக்கே வலது தாடை வீங்கிருச்சு. மறுநாள் கண்ணு வரைக்கும் ஏறிருச்சு. கஞ்சி கூட எறங்கலை. மதினி பாத்துட்டு அண்ணன்கிட்டக் கூடக் கேக்காம, என்னைக் கையைப் பிடிச்சுக் கூட்டிக்கிட்டு பஸ் ஏறுனாக. அருப்புக்கோட்டையில பல் டாக்டர் ஈஸ்வரின்னு ஒருத்தர் இருக்காக. அங்க போறதுக்கு ஒங்க கடை வழியாத்தான் போகணும். முந்தானையை முகத்துல போட்டுக்கிட்டு ஒங்க கண்ணு முன்னாடிதான் நடந்து போனேன். நீங்க லோடு எறக்குறவனை வைஞ்சுக்கிட்டிருந்தீக. நிமுந்து பாக்கலை.

டாக்டரம்மா வாயைத் தொறக்கச் சொன்னாக. நான் தொறக்கலை. 'வாடை வரும்மா'ன்னேன். 'அதுக்குத்தான் நான் இருக்கேன், தொறங்க'ன்னாக. தொறந்தேன். அவுக முகம் மாறலை. எம்புட்டு நாளாச்சு தெரியுமா, என் வாயைப் பாத்து ஒரு முகம் மாறாம இருந்து?

ஈறெல்லாம் வீங்கிப் பல்லு மேல ஏறி நிக்குதுன்னாக. அடியில சீழ். அதுக்குப் பிறகு வேற ஒண்ணு கேட்டாக. 'ஒங்களுக்குச் சக்கரை இருக்கா? பிரஷர் இருக்கா? என்ன மாத்திரை சாப்பிடுறீங்க?' நான் பையில இருந்து நீங்க அனுப்புன அட்டையை எடுத்துக் குடுத்தேன். அதைத் திருப்பித் திருப்பிப் பாத்தாக. 'இதை யார் எழுதிக் குடுத்தது, எப்ப?' அஞ்சு வருஷத்துக்கு முன்னாடின்னேன். 'அதுக்குப் பிறகு எந்த டாக்டரையும் பாக்கலையா?' இல்லைன்னேன். 'அப்ப யார் இதைத் தர்றது?' எங்க வீட்டுக்காரர் கடையில வாங்கிட்டு வருவாகன்னேன்.

அவுக சொன்னதை எனக்குப் புரிஞ்ச வரைக்கும் எழுதுறேன். இந்த மாத்திரை பிரஷருக்கு நல்ல மாத்திரைதானாம். கோடிக்கணக்கான பேரு சாப்பிடுறாகளாம். ஆனா சில பேருக்கு ஈறை வளத்து விட்டுருமாம். டாக்டர்கிட்டப் போய்க் காட்டிக்கிட்டிருந்தா, அவுக பாத்து மாத்தியிருப்பாகளாம். அன்னிக்கே ரத்தம் எடுத்தாக. சக்கரை முன்னூத்தி எழுவது. அந்தப் பழைய டாக்டர் 'சக்கரை எல்லையில நிக்குது, மூணு மாசத்துல மறுபடி வாங்க'ன்னு சொன்னது நெனப்பிருக்கா? நான் கேட்டேன். 'சீசன் முடியட்டும்'னீக. எந்த சீசன்?

சக்கரை ஏறுனா ஈறு புண்ணாகுமாம். ஈறுல புண்ணு இருந்தா சக்கரை எறங்காதாம். ஒண்ணை ஒண்ணு வளத்துக்கிட்டே இருக்குமாம். அங்க இருந்தே சக்கரை டாக்டர்கிட்ட அனுப்புனாக. அவுக சிறுநீரகத்துக்கும் ரத்தம் பாத்துட்டு பிரஷர் மாத்திரையை மாத்திட்டாக. நம்ம ஒடம்புக்குள்ளயே ஒரு ஹார்மோன் இருக்காம். ரத்தக் குழாயை நெருக்கிப் பிடின்னு உத்தரவு போடுமாம். பேரு ஆஞ்சியோடென்சின். புது மாத்திரை அந்த உத்தரவைக் காதுல விழாமத் தடுத்துருமாம். சக்கரைக்காரங்க சிறுநீரகத்துக்கும் அது காவலாம். ஈறு வீங்குறதுலயும் அந்த ஹார்மோனுக்குப் பங்கு இருக்கான்னு ஆராய்ச்சி பண்றாகளாம், இன்னும் முடிவாச் சொல்லலையாம். நீங்களா எதையும் நிறுத்தக் கூடாது, மாத்தக் கூடாதுன்னு ரெண்டு டாக்டரும் சொல்லிவிட்டாக.

மருந்து குடுத்துச் சீழ் அடங்குன பிறகு முந்தாநாள் ரெண்டு பல்லை எடுத்துட்டாக.

நல்லாக் கேட்டுக்கோங்க. எனக்கு ஈறை வீங்க வச்ச மாத்திரையை ஒங்க கையால மாசாமாசம் வாங்கிக் குடுத்தீக. வீங்குன பிறகு அந்த வாயைச் சொல்லிச் சபையில சிரிச்சீக. குடுத்ததை மட்டும் சாட்சிக்குக் கூப்பிட்டு, 'அதையும் நெனச்சுக்கோ'ன்னு எழுதுனீக. நெனச்சுக்கிட்டேன்.

ஒங்க தங்கச்சி என் எடத்துல நிக்கட்டும். பத்து மாசம் சொமந்தது அவதான்னா நிக்கட்டும்.

சண்முகவடிவு


அருப்புக்கோட்டை
22.12.2024

வடிவு,

நான் ஒனக்கு விஷம் குடுத்தேன்னு சொல்ல வாரியா? நேராச் சொல்லு.

ஒன் காயிதத்தைப் படிச்சிட்டுக் கடையைப் பாதியில விட்டுட்டு அந்தப் பல் டாக்டர்கிட்டப் போனேன். 'என் பொண்டாட்டிகிட்ட என்ன சொன்னீங்க? நான் வாங்கிக் குடுத்த மாத்திரையாலதான் பல்லு போச்சுன்னு சொன்னீங்களா?'ன்னு கேட்டேன். 'அவங்க இல்லாம அவங்களைப் பத்தி நான் பேச முடியாது'ன்னுச்சு. 'நான் அவ புருஷன்'னேன். 'சரி, ஒரே ஒரு கேள்வி மட்டும் ஒங்ககிட்டக் கேக்குறேன். கடைசியா எப்ப அவங்களை டாக்டர்கிட்டக் கூட்டிட்டுப் போனீங்க?'ன்னுச்சு. அதெல்லாம் ஒரு கேள்வியா? எனக்கு வந்துச்சே கோவம். கத்திட்டுத்தான் வந்தேன். வெளியில உக்காந்திருந்த சனமெல்லாம் எந்திரிச்சு நின்னுச்சு.

நான் டாக்டரா? நான் தீவனக்கடைக்காரன். ஒரு டாக்டர் எழுதுனார், 'ஒரு நாளும் நிறுத்தக் கூடாது'ன்னார். நான் நிறுத்தலை. எங்க அப்பாவுக்குப் பிரஷர் மாத்திரை வாங்க நாதியில்லை, மூட்டை தூக்குன எடத்துலயே விழுந்து செத்தார். எனக்கு அப்பப் பதினாலு வயசு. நீ அப்படிப் போயிறக் கூடாதுன்னு, எந்த லோடு வந்தாலும் எந்த வேலை கெடந்தாலும் மாசம் பொறந்தா மொதல்ல போறது அந்த மருந்துக் கடைக்குத்தான். அது ஒரு குத்தமா? அதுக்கா இந்த வார்த்தை?

ரத்தம் வந்துச்சுங்கிறே, முழுங்குனேங்கிறே. எங்கிட்ட ஒரு நாள் சொன்னியா? 'எனக்கு ரத்தம் வருது'ன்னு மூணு வார்த்தை. வாயைத் தொறந்து சொல்லியிருந்தா கூட்டிட்டுப் போயிருக்க மாட்டேனா? மறைச்சது நீ. பழி எனக்கு.

சின்னத்துரை


திருச்சுழி
30.12.2024

சுபத்ரா அப்பாவுக்கு,

சொன்னேன்.

பந்தல்குடியில ஒங்க சித்தப்பா மகன் கல்யாணத்துல சாப்பிட்டு முடிச்சுக் கை கழுவுற எடத்துல வாய் கொப்புளிச்சேன். தொட்டி பூரா செவப்பாயிருச்சு. நீங்க பக்கத்துலதான் கை தொடச்சுக்கிட்டு நின்னீக. 'பாருங்க, ரத்தம் வருது'ன்னேன். மூணு வார்த்தைதான், எண்ணிப் பாருங்க. நீங்க குழாயைத் தொறந்து விட்டு, 'கழுவி விடு, யாராவது பாத்துறப் போறாக'ன்னீக. கழுவி விட்டேன். அதுக்குப் பிறகு எதுக்குச் சொல்லணும்?

ஒங்க அப்பாவை நெனச்சுத்தான் மாத்திரை வாங்குனீகன்னு எனக்குத் தெரியாதா? விஷம்னு நான் எழுதலை. நீங்களா எழுதிக்கிட்டு நீங்களாக் கத்துறீக. அந்த மாத்திரைதான் என்னை இத்தனை நாளு சாகாம வச்சுதுன்னு டாக்டரே சொன்னாக. மாத்திரையை வாங்குனீக, சரி. அதைச் சாப்பிடுறவ முகத்தை ஒரு தடவை பாத்தீகளா? மாட்டுக்குத் தீவனம் வாங்க வர்றவன் கூட 'மாடு சரியா மேய மாட்டேங்குது, என்னன்னு பாருங்க அண்ணாச்சி'ன்னு ஒங்ககிட்ட நின்னு கேட்டுட்டுப் போறான். அவனுக்கு அரை மணி நேரம் பதில் சொல்லுவீக.

அந்தம்மாகிட்டப் போய் எதுக்குக் கத்துனீக? மறு வாரம் நான் அங்க போய் உக்காந்தப்போ, மருந்து எடுத்துக் குடுக்கிற பொண்ணு என்னைப் பாத்துத் தலையைக் குனிஞ்சுக்கிச்சு. எனக்கு ஒடம்பு கூசிப்போச்சு. டாக்டரம்மா அதைப் பத்தி ஒரு வார்த்தை பேசலை. ஈறுக்கு அடியில சுத்தம் பண்ணணும், வாயை நாலு பகுதியாப் பிரிச்சு நாலு தடவை செய்யணும்னாக. சக்கரை கொஞ்சம் எறங்கவும் ஆரம்பிப்பாக.

நான் கல்யாணத்துக்கு வரணும்னா ஒண்ணு செய்யுங்க. எந்தச் சபையில சொன்னீகளோ அந்த மனுசங்க முன்னாடி, 'நான் சொன்னது தப்பு'ன்னு சொல்லுங்க. எனக்குக் காயிதத்துல எழுத வேண்டாம். அவுககிட்டச் சொல்லுங்க.

சண்முகவடிவு


அருப்புக்கோட்டை
9.1.2025

வடிவுக்கு,

பந்தல்குடி எனக்கு நெனப்பில்லை. நீ சொன்ன பிறகு ரெண்டு நாளா யோசிச்சேன். குழாயைத் தொறந்து விட்டது மட்டும் நெனப்பு வருது.

நீ கேட்டதை என்னால செய்ய முடியாதுன்னுதான் மொதல்ல எழுதி வச்சிருந்தேன். பொண்ணைக் குடுக்கிற எடத்துல போய்த் தலையைக் குனியிறதா? அந்தத் தாளைக் கிழிச்சுப் போட்டுட்டேன். அதுக்குள்ள ஒண்ணு நடந்துருச்சு.

விருதுநகருக்குப் பத்திரிகை குடுக்கிற விஷயமாப் பேசப் போயிருந்தேன். சம்பந்தி வெளியில போயிருந்தார். மாப்ளை சங்கரும் வேலைக்குப் போயிட்டார். சம்பந்தியம்மா மட்டும் இருந்தாக. காப்பியைக் குடுத்துட்டு, தள்ளியே நின்னு, 'சுபத்ரா அம்மா ஏன் வரலை அண்ணாச்சி?'ன்னு கேட்டாக. ஒடம்பு சரியில்லைன்னேன். 'அன்னிக்கு நீங்க சொன்ன பேச்சுக்குத்தானே'ன்னாக. பிறகு அவுகளே சொன்னாக.

'அன்னிக்கு நான் முகத்தைத் திருப்புனதைப் பாத்துட்டுத்தான் நீங்க அப்படிச் சொன்னீக. நான் அவுக வாய்க்காகத் திருப்பலை அண்ணாச்சி. என் வாய்க்காகத் திருப்புனேன். எனக்கும் சக்கரை. பன்னெண்டு வருஷமா. எனக்கும் ஈறு போச்சு. அவுக அம்புட்டுப் பிரியமாக் கையைப் பிடிச்சுக் கிட்ட வந்து பேசுனாக, என் வாடை அவுகளுக்குத் தெரிஞ்சிருமோன்னு பயந்து திரும்பிக்கிட்டேன். நீங்க சொன்னதுக்கு எல்லாரும் சிரிச்சாக. நானும் சிரிச்சேன். சிரிக்கலைன்னா அடுத்து என்னைச் சொல்லுவாகன்னு சிரிச்சேன்'னாக. சொல்லிட்டு அழுதாக.

நீ சொல்லச் சொன்னதைச் சொல்ல அதை விட நல்ல எடம் கெடைக்காது. எனக்குத் தெரியுது. தொண்டை வரைக்கும் வந்துச்சு. காப்பியைக் குடிச்சேன். தம்ளரைக் கீழ வச்சேன். 'வாரேம்மா'ன்னு சொல்லிட்டு எந்திரிச்சு வந்துட்டேன். பஸ்ஸுல வர்ற வழி பூராவும் என் மேலயே எரிச்சலா வந்துச்சு. வீட்டுக்கு வந்து சுபத்ராவைத்தான் வைஞ்சேன்.

என்னால முடியலை வடிவு. அவ்வளவுதான்.

சின்னத்துரை


திருச்சுழி
17.1.2025

சுபத்ரா அப்பாவுக்கு,

ஒங்களால முடியலை. அவுகளால முடிஞ்சிருக்கு.

பொங்கலுக்கு மறுநாள் சம்பந்தியம்மா இங்க வந்தாக, தனியா, ரெண்டு பஸ் மாறி. மதினி எங்க ரெண்டு பேரையும் உள் அறையில விட்டுட்டுக் கதவைச் சாத்திட்டாக. அவுக வாயைத் தொறந்து காட்டுனாக, நான் என் வாயைத் தொறந்து காட்டுனேன். பிறகு ரெண்டு பேரும் சிரிச்ச சிரிப்புல மதினி கதவைத் தட்டி என்னன்னு கேட்டாக. அடுத்த தடவை நான் போகும்போது ஈஸ்வரி டாக்டர்கிட்ட அவுகளும் வாராக. அவுக வீட்டுக்காரர்கிட்ட, மருமகளுக்குச் சேலை எடுக்கப் போறேன்னு சொல்லிட்டு வருவாகளாம். பாருங்க, வைத்தியம் பாக்குறதுக்கு ஒரு பொம்பளை சேலையைப் பொய்யாச் சொல்ல வேண்டியிருக்கு.

சுபத்ரா முந்தாநாள் அண்ணன் போன்ல பேசுனா. 'நான் சிரிச்சிருக்கக் கூடாதும்மா'ன்னா. அவ சொல்லிட்டா. இருவத்திரெண்டு வயசுப் புள்ளைக்கு அது வருது.

நான் கல்யாணத்துக்கு வாரேன். ஒங்களுக்காக இல்லை, நான் சொன்னதை நீங்க செஞ்சிட்டீகன்னும் இல்லை. மேடையில நான்தான் நிப்பேன். ஒங்க தங்கச்சிகிட்டச் சொல்லிருங்க, பட்டுச்சேலைக்குத் தச்ச சட்டை வீணாப் போகாது, கீழ மொத வரிசையில உக்காந்து பாக்கச் சொல்லுங்க.

சண்முகவடிவு


அருப்புக்கோட்டை
4.2.2025

வடிவுக்கு,

மகளை அனுப்பிட்டு வீட்டுக்கு வந்தா வீடு வெறிச்சுன்னு கெடக்கு. நீ வருவேன்னு நெனச்சேன். மண்டப வாசல்ல நான் கார் கதவைத் தொறந்து வச்சுக்கிட்டு நிக்கிறேன், நீ ராஜகுரு மச்சான் வேன்ல ஏறிப் போயிட்டே. அத்தனை சொந்தக்காரனும் பாத்தான்.

இதுக்கு மேல நான் என்ன செய்யணும்? போட்டோ எடுக்கும்போது என் தங்கச்சி, 'மதினி, வாயை மூடிக்கிட்டுச் சிரிங்க, பல்லு இல்லாதது தெரியுது, வாடையும் வருது'ன்னு சொன்னப்போ, நான் சும்மாவா நின்னேன்? மேடையில வச்சு, மாப்ளை வீட்டு ஆளுக அத்தனை பேரு முன்னாடி, 'வாயை மூடுடி, இன்னொரு வார்த்தை பேசுனே பல்லு ஒனக்கும் இருக்காது'ன்னு கத்தலையா? நாதஸ்வரக்காரர் வாசிக்கிறதை நிறுத்திட்டார். அவ அழுதுக்கிட்டே சாப்பிடாமப் போயிட்டா. கூடப் பொறந்தவளை ஒனக்காகச் சபையில வைஞ்சிருக்கேன். ஒனக்கு அதுவும் பத்தலை.

நான் ஒன் பக்கம் நின்னேன் வடிவு. நீதான் நிக்கலை.

சின்னத்துரை


திருச்சுழி
8.2.2025

சுபத்ரா அப்பாவுக்கு,

அந்தப் பேச்சை ஒங்க தங்கச்சிக்குக் கத்துக் குடுத்தது யாரு? கார்த்திகையில நீங்க சிரிச்சுக்கிட்டே சொன்னதைத் தையில அவ சிரிச்சுக்கிட்டே சொன்னா. நீங்க சொன்னப்போ வேடிக்கை, அவ சொன்னா குத்தமா? அவளை அழ வச்சு எனக்கு என்ன கெடைச்சுது? அந்த எடத்துலயும் ஒரு பொம்பளை பல்லைத்தான் பிடுங்குறேன்னீக.

ஒங்களுக்குக் கத்த வரும். டாக்டர்கிட்டக் கத்துவீக, மகளைக் கத்துவீக, தங்கச்சியைக் கத்துவீக. கத்துறதுக்கு அடியில வேற ஒண்ணு இருக்குன்னு எனக்குத் தெரியும். அதை நீங்க யாருகிட்டயும் எடுக்க மாட்டேங்குறீக. காப்பி தம்ளரைக் கீழ வச்சிட்டு எந்திரிச்சு வந்ததை எழுதுனீகள்ல, ஒங்க காயிதங்கள்லயே அதைத்தான் நான் ரெண்டு தடவை படிச்சேன்.

சபை வேண்டாம். யாருகிட்டயும் எதுவும் சொல்ல வேண்டாம். வியாழக்கிழமை பத்து மணிக்கு ஈஸ்வரி டாக்டர் எனக்குக் கடைசிப் பகுதியைச் சுத்தம் பண்றாக. கீழ்த்தாடை, ரொம்ப மோசமான பக்கம். கடையை அடைச்சிட்டு வாங்க. மொதல்ல அந்தம்மாகிட்டயும் அந்தப் பொண்ணுகிட்டயும் மன்னிப்புக் கேளுங்க. பிறகு உள்ள வந்து என் பக்கத்துல நில்லுங்க. அடியில இருந்து எடுக்கும்போது வாடை அறை பூராவும் வரும். மூக்கைப் பொத்தக் கூடாது. செவத்தைப் பாக்கக் கூடாது. என் வாயைப் பாருங்க.

வர முடியலைன்னா பதில் எழுதாதீக.

சண்முகவடிவு


திருச்சுழி
15.2.2025

சுபத்ரா அப்பாவுக்கு,

பதில் எழுதாம நேரா வந்து நிப்பீகன்னு நான் நெனைக்கலை. ஒன்பதரைக்கே வந்து வெளியில பெஞ்சுல உக்காந்திருந்தீகளாம். அந்தப் பொண்ணு சொல்லுச்சு. அதுகிட்டயும் டாக்டரம்மாகிட்டயும், 'அன்னிக்கு நான் பேசுனது தப்பும்மா'ன்னு சொன்னீகளாம். அதைச் சொல்லும்போது அதுக்கே சிரிப்பு வந்துருச்சு, 'ரொம்ப மெதுவாச் சொன்னார் அக்கா, எனக்கே காதுல விழலை'ன்னுச்சு.

நான் கோவத்தை விடலை. அதைத் தெளிவாச் சொல்லிருறேன். ஒரு நாள் வந்து நின்னதுக்கு ரெண்டு வருஷம் கழிஞ்சு போகாது. ஆனா கண்டதையும் சொல்லணும். விளக்கை என் வாய்க்கு நேரா இழுத்து வச்சப்போ நான் ஒங்க முகத்தைத்தான் பாத்துக்கிட்டிருந்தேன். எப்பத் திரும்புறீகன்னு பாத்தேன். வாடை வந்துச்சு. எனக்கே தெரிஞ்சுது. ஒங்க கண்ணுல தண்ணி வந்துச்சு, அது வாடைக்கா வேற எதுக்கான்னு எனக்குத் தெரியலை. நீங்க திரும்பலை. டாக்டரம்மா, 'இங்க பாருங்க, இவ்வளவு ஆழம்'னு கம்பியை உள்ள விட்டுக் காட்டுனாக. நீங்க குனிஞ்சு பாத்தீக. கையை என் தோள்ல வச்சீக. நானும் தட்டி விடலை.

சக்கரை பாதிக்கு மேல எறங்கியிருக்கு. பிரஷர் அடங்கியிருக்கு. மாத்திரையை மாத்தி, சுத்தமும் பண்ண பிறகு மேல்தாடை ஈறு வத்திருச்சு, ரத்தம் இல்லை. மூணு மாசச் சக்கரைக் கணக்கு பங்குனியில பாப்பாகளாம். அதைப் பாத்துட்டு நான் அங்க வாரேன். கார் எடுத்துக்கிட்டு வர வேண்டாம், பஸ்ஸுல வந்துக்கிறேன். வந்தா அடுப்படிக்கு மட்டும் வர மாட்டேன், கடைக்கும் வருவேன். மருந்துக் கடைக்கு நீங்க தனியாப் போக வேண்டாம். டாக்டர்கிட்ட ரெண்டு பேரும் போவோம், எழுதிக் குடுக்கிறதை ரெண்டு பேரும் வாங்குவோம். ஒங்களுக்கும் ஒரு தடவை ரத்தம் பாத்துருவோம். வேண்டாம்னு கத்தக் கூடாது.

இன்னும் ஒண்ணு இருக்கு. பாதி வேலையில நீங்க டாக்டரம்மாவைப் பாத்து, 'இவளுக்கு வலிக்குதா?'ன்னு கேட்டீக. அவுக, 'மரத்துப் போக ஊசி போட்டிருக்கு, இப்ப வலிக்காது'ன்னாக. நீங்க தலையை ஆட்டிக்கிட்டீக. நான் அங்கதான் படுத்திருந்தேன். என் கண்ணு தொறந்துதான் இருந்துச்சு.

அன்னிக்கு வலிக்கலை. அதுக்கு முந்தி ரெண்டு வருஷம் வலிச்சுது. அடுத்த தடவை டாக்டரைக் கேக்காதீக. என்னைக் கேளுங்க.

சண்முகவடிவு